குடியை விட நினைப்பவர் எங்கே போவது?

(கட்டிடத் தொழிலாளர் சங்கக் கிளையின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



குடியைப் பற்றி நமது மேடைகளில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. கடையை மூடு என்று கோஷம் போட்டிருக்கிறோம். கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருக்கிறோம். அந்த வேலை அதன் போக்கில் நடக்கும். இன்று அதைப் பற்றிப் பேச வரவில்லை. நமது சங்கத்துத் தாய்மார்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வி இருக்கிறது. "கடையை மூடுகிற அன்றைக்கு மூடுங்கள், தோழர். எங்கள் வீட்டுக்காரர் நேற்று ராத்திரி அவராகவே விட்டுவிடுகிறேன் என்று சொன்னார். இப்போது அவரை எங்கே கூட்டிக்கொண்டு போவது?" இதற்குத் தத்துவத்தில் பதில் சொல்ல முடியாது. எந்தத் தெரு, எந்தக் கட்டிடம், என்ன கிழமை, எத்தனை மணி என்று சொல்ல வேண்டும். அந்த மனிதர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருகிற நேரம் மிகவும் குறுகிய நேரம். ராத்திரி சொன்னவர் மறுநாள் கடை திறக்கும்போது வேறு மனிதராகிவிடுவார். அதற்குள் நம்மிடம் விலாசம் இருக்க வேண்டும்.

நிலைமை எவ்வளவு மோசம் என்று பாருங்கள். மத்திய சர்க்கார் டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியைக் கொண்டு ஒரு கணக்கெடுப்பு நடத்தி, 2019ம் ஆண்டு வெளியிட்டது. அதன்படி நம் நாட்டில் குடிப்பவர்கள் சுமார் 16 கோடி பேர். குடியால் கெட்டு, பிறர் உதவி தேவைப்படும் நிலைக்கு வந்தவர்கள் ஐந்தரைக் கோடிக்கு மேல். குடிக்கு அடிமையாகிப் போனவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். மற்றவர்கள் எங்கே? நமது தெருவில் இருக்கிறார்கள். நடுங்கும் கையோடு கரணை பிடிக்கிறார்கள், சாரத்தில் ஏறுகிறார்கள்.

இதை ஒழுக்கக்கேடு என்று பேசுவது நம்மிடையே சகஜம். அமெரிக்க மருத்துவர் சங்கம் 1956லேயே இதை நோய் என்று சொல்லிவிட்டது. நாமும் இனிக் குடிகாரன் என்று சொல்வதை விட்டு, குடிநோயாளி என்று சொல்லிப் பழகுவோம். மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. நோய் என்றால்தான் எங்கே காட்டுவது என்ற கேள்வி வரும். ஒழுக்கக்கேடு என்றால் யார் அடிப்பது என்ற கேள்விதான் வரும்.

இந்த நோயின் லட்சணம் நம் ஜனங்களுக்குத் தெரியாததல்ல. கார்த்திகை பிறந்தால் மாலை போட்டுக்கொள்கிறார்கள். நாற்பத்தெட்டு நாள் ஒரு சொட்டு தொடுவதில்லை. வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. குழந்தைக்கு நோட்டுப் புத்தகம் வருகிறது. மலைக்குப் போய்த் திரும்பி மாலையைக் கழற்றியதும், கழற்றிய இடத்திலிருந்து நேரே கடைக்குப் போகிறவர்கள் உண்டு. இதைச் சொல்லிப் பக்தர்களைக் கேலி செய்வது நமது நோக்கமல்ல. நாற்பத்தெட்டு நாள் ஒரு மனிதரால் நிறுத்த முடிகிறது என்றால் அவருக்கு மனவுறுதி இல்லை என்று சொல்ல முடியாது. நிறுத்தியபடியே இருப்பதுதான் அவரால் முடியவில்லை. அந்த நாட்களில் அவரோடு விரதம் இருந்த கூட்டம் இருந்தது, குருசாமி இருந்தார், விடியற்காலை எழுந்து போய்ச் சேர ஓர் இடம் இருந்தது. நாற்பத்தொன்பதாம் நாள் அவர் தனியாள். நாற்பத்தொன்பதாம் நாளைக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சின் விஷயம்.

அப்படி ஓர் இடம் இருக்கிறது. அது எப்படி வந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்தில் ஆக்ரன் என்று ஒரு நகரம். குட்இயர், ஃபயர்ஸ்டோன் டயர்க் கம்பெனிகளின் ஊர். 1936ல் அங்கே ரப்பர் தொழிலாளிகள் இயந்திரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்ததை நம்மில் சிலர் படித்திருக்கலாம். அதற்கு முந்தின வருஷம், 1935 மே மாதத்தில், நியூயார்க்கிலிருந்து பில் வில்ஸன் என்ற பங்கு வியாபாரி ஒரு கம்பெனி விவகாரமாக அங்கே வந்தார். வந்த காரியம் தோற்றது. கையில் காசில்லை. குடியை நிறுத்தி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. ஹோட்டல் முன்கூடத்தில் ஒரு பக்கம் மதுக்கூடம், சிரிப்பு, சத்தம். இன்னொரு பக்கம் டெலிபோன். அதன் அருகில் உள்ளூர் மாதா கோயில்களின் பட்டியல். வில்ஸன் டெலிபோன் பக்கம் போனார். அவர் புத்தி சொல்ல ஆள் தேடவில்லை, தோழர்களே. தன்னைப் போலவே குடியில் அகப்பட்ட இன்னொரு மனிதரைத் தேடினார். பல பேரைக் கூப்பிட்ட பிறகு பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை டாக்டரின் தகவல் கிடைத்தது. மறுநாள் இருவரும் சந்தித்தார்கள். கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று சொல்லி வந்த டாக்டர் ராத்திரி வெகு நேரம் வரை பேசிக்கொண்டிருந்தார். அதன் பிறகும் ஒரு தடவை சறுக்கினார். கடைசியாக அவர் குடித்தது 1935 ஜூன் 10ம் தேதி என்று சொல்கிறார்கள். அந்தத் தேதியையே ஸ்தாபன தினமாக வைத்திருக்கிறார்கள். இருவரும் கையோடு ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கே குடியால் கிடந்த ஒரு வக்கீலைப் பிடித்தார்கள். அவர் மூன்றாமவர்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பது அதன் பெயர். ஏ.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பெயர் சொல்லிக்கொள்ளாத குடிநோயாளிகள் என்று அர்த்தம். 1939ல் வெளிவந்த ஒரு புத்தகத்தின் தலைப்பே இயக்கத்துக்கும் பெயராயிற்று. 1957ல் இந்தியாவுக்கு வந்தது. இன்று ஏறக்குறைய 180 தேசங்களில் இருக்கிறது. சோவியத் யூனியனிலும் 1987ல் மாஸ்கோவில் ஒரு குழு ஏற்பட்டது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1985ல், கோர்பசேவ் சர்க்கார் மதுக்கடைகளின் நேரத்தைக் குறைத்தது. திராட்சைத் தோட்டங்களைக் கூட வெட்டினார்கள். குடி ஓரளவு குறைந்தது உண்மை. கூடவே வீட்டுச் சாராயம் பெருகி, அதற்காகக் கடைகளில் சர்க்கரை காணாமற்போனதும் உண்மை. கடையைக் குறைப்பது ஒரு வேலை. குடிநோயாளியைக் கரையேற்றுவது இன்னொரு வேலை. ஒன்று செய்தால் மற்றொன்று தானாக நடந்துவிடாது.

அந்த அறைக்குள் என்ன நடக்கிறது? உறுப்பினர் அல்லாதவர்களும் வரலாம் என்று வைத்திருக்கும் திறந்த கூட்டங்களுக்கு நாங்கள் போயிருக்கிறோம். ஆகவே கண்ணால் பார்த்ததைச் சொல்லலாம். பத்துப் பதினைந்து நாற்காலி. ஒரு மேஜை. ஒருவர் தலைமை வகிக்கிறார். அவர் தலைவர் அல்ல, அன்றைய முறைக்காரர். ஒருவர் எழுந்து தன் முதல் பெயரை மட்டும் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்கிறார். மற்றவர்கள் வணக்கம் சொல்கிறார்கள். தான் எப்படிக் குடித்தார், என்ன ஆயிற்று, இப்போது எப்படி இருக்கிறார் என்று பேசுகிறார். தாலியை அடகு வைத்தது, மகள் கல்யாணத்தில் பந்தியில் விழுந்தது, எல்லாம் வருகிறது. குறுக்கே யாரும் பேசுவதில்லை. யாரும் புத்தி சொல்வதில்லை. ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்பதில்லை. நம் கமிட்டிக் கூட்டங்களில் ஒருவர் ஐந்து நிமிஷம் பேசுவதற்குள் நாலு பேர் இடைமறிக்கிறோமே, அதை நினைத்துக்கொண்டோம். பிறகு டீ. ஒரு பை சுற்றி வரும். இஷ்டப்பட்டவர் இஷ்டப்பட்டதைப் போடலாம், போடாமலும் இருக்கலாம். சந்தா கிடையாது. உறுப்பினர் சீட்டு கிடையாது. குடியை விடவேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் தகுதி. குடிக்காமல் ஒரு வருஷம் முடித்தவருக்குப் பிறந்த நாள் கொண்டாடுகிறார்கள். ஐம்பது வயது மேஸ்திரி ஒருவர் ஒரு வயதுப் பிறந்த நாள் கேக்கை வெட்டியதைப் பார்த்தோம். அவர் சம்சாரம் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

ஆயுள் முழுக்கக் குடிக்க மாட்டேன் என்று அங்கே சத்தியம் கேட்பதில்லை. இன்று ஒரு நாள் குடிக்காமலிரு என்கிறார்கள், அவ்வளவுதான். நாளைக்கு நாளைப் பேச்சு. புதிதாக வந்தவருக்குப் பழைய உறுப்பினர் ஒருவர் துணையாக அமைவார். ராத்திரி பதினோரு மணிக்கு மனசு தடுமாறினால் அவருக்கு டெலிபோன் செய்யலாம். அந்த மனிதர் எழுந்து பேசுவார். ஏன் தெரியுமா? பேசுவதால் அவருடைய குடியும் நிற்கிறது. ஆக்ரன் ஹோட்டலில் வில்ஸன் கண்டுபிடித்தது அதைத்தான்.

பலன் உண்டா என்று கேட்பீர்கள். 2020ல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு நிறுவனம் 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் விவரங்களை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. இந்த வழியில் முறையாகக் கொண்டு சேர்க்கப்பட்டவர்களில், ஒரு வருஷம் கழித்தும் முழுக்கக் குடிக்காமலிருந்தவர்கள் நூற்றுக்கு 42 பேர் அளவில். மற்றச் சிகிச்சை முறைகளில் 35 பேர் அளவில். ஆகவே இது மந்திரமல்ல. நூற்றில் பாதிப் பேருக்கு மேல் மறுபடி சறுக்கியிருக்கிறார்கள். சறுக்கினவர் திரும்பி வந்தால் அங்கே கதவு திறந்திருக்கிறது. காசில்லாமல் கிடைக்கிற ஒன்று, காசு வாங்கும் முறைகளைவிடச் சிறிது மேலாக நிற்கிறது என்றால் நமது ஜனங்களுக்கு அது சின்ன விஷயமா?

ஆனால் கூட்டத்துக்கு முன்னால் டாக்டர். இதைத் தாய்மார்கள் அழுத்தமாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பல வருஷமாகத் தினமும் குடிப்பவர், காலையில் எழுந்ததும் குடிப்பவர், திடீரென்று நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து. முதல் நாள் கை நடுங்கும், வேர்க்கும், தூக்கம் வராது. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி, சுவரில் பூச்சி ஊர்கிறது, ஆள் நிற்கிறான் என்று கத்தலாம். பேய் பிடித்தது என்று மந்திரிக்கக் கொண்டுபோய்ச் சாகக் கொடுத்த குடும்பங்கள் உண்டு. அது பேயல்ல. உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நிறுத்துகிறேன் என்று அவர் சொன்ன மறுநாளே சர்க்கார் மெடிகல் காலேஜ் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கோ, ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரிக்கோ கூட்டிப்போவது உத்தமம். எத்தனை வருஷம், தினம் எவ்வளவு என்று டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மாத்திரையும் விட்டமின் ஊசியும் கொடுத்துப் பத்திரமாக இறக்குவார்கள்.

இன்னொன்று. அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம் என்று பவுடர் விற்கிறார்கள், விளம்பரம் செய்கிறார்கள். வாங்காதீர்கள். சிலவற்றில் டைசல்ஃபிராம் போன்ற மருந்து இருக்கக்கூடும். அதை டாக்டர் கண்காணிப்பில், நோயாளி சம்மதத்தோடு கொடுத்தால் மருந்து. தெரியாமல் கொடுத்து, அதன்மேல் அவர் குடித்தால் நெஞ்சு அடைத்து உயிரே போகலாம். அதேபோல மறுவாழ்வு மையம் என்று பலகை மாட்டி, ஆளை வண்டியில் தூக்கிப்போய்ப் பூட்டி வைத்து அடிக்கிற இடங்களும் உண்டு. 2017ம் வருஷத்து மனநலச் சட்டப்படி இத்தகைய மையங்கள் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுப் பத்திரத்தைக் காட்டு என்று கேளுங்கள். காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். நல்ல இடங்களும் இருக்கின்றன. சென்னை இந்திரா நகரில் 1980ல் சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார் ஆரம்பித்த டி.டி.கே. ஆஸ்பத்திரி பிரசித்தமானது. தம் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தபின் அதைத் தொடங்கினார். பெரிய தொழிலதிபர் குடும்பம். மத்திய நிதி மந்திரியாக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் வீடு. நோய் எந்த வீட்டையும் விட்டுவைக்கவில்லை. வித்தியாசம் எதில் என்றால், அவர்கள் வீட்டில் நோய் என்றார்கள், நம் வீட்டில் திமிர் என்கிறார்கள்.

சரி, கூட்டத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? மனநலப் பிரிவு டாக்டரிடமும், அங்குள்ள சமூக சேவகரிடமும் கேளுங்கள். பக்கத்தில் எங்கே ஏ.ஏ. கூட்டம் நடக்கிறது என்று அவர்களுக்குப் பெரும்பாலும் தெரியும். மத்திய சர்க்காரின் போதை மீட்பு உதவி எண் 14446, காசில்லாமல் பேசலாம். மன நலத்துக்கு 2022ல் ஆரம்பித்த டெலி மானஸ் என்ற எண் 14416. தமிழிலேயே பேசலாம். சென்னை போன்ற பெரிய நகரங்களில் பல குழுக்கள் இருப்பதால், வாரத்தில் அநேகமாக எல்லா நாளும் எங்காவது ஒரு கூட்டம் நடக்கும். வாலிபர்கள் கைபேசியில் தேடினால் பட்டியல் கிடைக்கும்.

பட்டியல் கிடைத்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். வேலையே அங்கேதான் ஆரம்பம். பட்டியல் பழசாக இருக்கும். வியாழக்கிழமைக் கூட்டம் சனிக்கிழமைக்கு மாறியிருக்கும். பள்ளிக்கூடத்தில் நடந்தது பக்கத்துத் தெருவுக்குப் போயிருக்கும். அதில் இருக்கும் எண்ணைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். தமிழிலா, இங்கிலீஷிலா? திறந்த கூட்டமா, குடிநோயாளிகளுக்கு மட்டுமானதா? எந்த பஸ் நிறுத்தம்? எந்த வாசல்? முன்வாசல் பூட்டியிருக்கும், பின்பக்கத்து மாடிப்படி வழியாகப் போகவேண்டியிருக்கும். பெரிய பலகை எல்லாம் இருக்காது. அவரைக் கூட்டிப்போவதற்கு முன்னால், நம்மில் ஒருவர் அதே கிழமை, அதே நேரத்தில் போய், விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு வர வேண்டும். இது என்ன அற்ப விஷயம் என்று தோன்றலாம். முதல் தடவை போகிறவர் மனநிலையை யோசியுங்கள். கால் பின்னுகிறது. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயம். வாசலில் இருட்டாக இருந்தால், ஒரு நிமிஷம் நின்று, சரி, நமக்கு விதித்தது இவ்வளவுதான் என்று திரும்பிவிடுவார். திரும்பும் வழியில் கடை இருக்கும். மறுபடி அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வர எத்தனை மாதமாகுமோ!

போகும் வழியையும் யோசிக்க வேண்டும். கூட்டங்கள் பெரும்பாலும் மாலையில்தான். நம்மவருக்குச் சனிக்கிழமை சம்பளம். சம்பளப் பணத்தோடு போக வேண்டாம். வீட்டில் கொடுத்துவிட்டு, போகவர பஸ் காசோடு போகட்டும். கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். பசி குடிக்கு நல்ல தரகன். சொந்தத் தெருவில் நடக்கும் கூட்டத்துக்குப் போகக் கூச்சமாக இருந்தால் அடுத்த ஊர்க் கூட்டத்துக்குப் போகலாம். பத்து நிமிஷம் முன்னதாகப் போவது நல்லது. நாற்காலி போடுகிறவரோடு சேர்ந்து நாற்காலி போட்டால் கூச்சம் தெளிந்துவிடும். பேச வேண்டிய கட்டாயமில்லை. கேட்டுக்கொண்டிருந்தால் போதும். ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்றால் இன்னொன்று. ஆள் வேறு, பேச்சு வேறு.

2020 ஊரடங்கில் கூடிப் பேச முடியாமற் போனபோது, இந்தக் குழுக்கள் கைபேசி வழியாகக் கூட்டம் நடத்தக் கற்றுக்கொண்டன. இப்போதும் அப்படிச் சில நடக்கின்றன. வெளியூர் வேலைத் தலத்தில் தகரக் கொட்டகையில் தங்கியிருப்பவருக்கு அது உதவும். கேரளத்துக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே இக்குழுக்கள் நிறைய இருக்கின்றன. குடிப்பழக்கம் உள்ள பெண்களும் நம் தொழிலில் இருக்கிறார்கள். நாள் முழுக்கக் கல் சுமந்து, உடம்பு வலிக்கு ஆரம்பித்தது. அவர்களுக்குக் கூச்சம் இரட்டிப்பு. பெண் உறுப்பினர் யாராவது இருக்கிறாரா என்று முதலிலேயே கேட்டு, அவரோடு பேச வைத்து, பிறகு அனுப்ப வேண்டும்.

இனி நமது தோழர்களின் ஆட்சேபணைக்கு வருவோம். "அங்கே கடவுள் பேச்சு இருக்கிறதே, மாதா கோயில் கட்டிடத்தில் நடக்கிறதே, மதம் மாற்றுவார்களோ?" என்று கேட்கிறார்கள். கட்டிடம் கோயிலுடையதாக இருக்கலாம், பள்ளியுடையதாக இருக்கலாம். குழு அந்த இடத்தில் கூடுகிறது, அவ்வளவுதான். எந்தச் சபைக்கும் கட்டுப்பட்டதல்ல. கடவுள் பேச்சு இருப்பது உண்மை. அவர்களது பன்னிரண்டு படிகளில் அது வருகிறது. ஆனால் ஆரம்ப உறுப்பினர்களிலேயே நாஸ்திகர்கள் இருந்தார்கள். அவர்கள் விடாமல் வாதாடியதால்தான், அவரவர் எப்படிப் புரிந்துகொள்கிறாரோ அப்படி வைத்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். தன்னைவிடப் பெரிய சக்தி என்றால் எனக்கு இந்த அறையில் உட்கார்ந்திருக்கும் பதினைந்து பேர்தான் என்று சொல்கிற உறுப்பினர்களும் இருக்கிறார்கள். சங்கத்துக்காரனுக்கு இதைப் புரிந்துகொள்வதில் என்ன கஷ்டம்? தனி ஒருவனால் முடியாததைக் கூட்டம் செய்யும் என்பது நமக்குப் புதிய பாடமா? கடைசியில் பிரார்த்தனை சொல்லும்போது நம் தோழர் சும்மா நிற்கட்டும். யாரும் அடிக்க மாட்டார்கள்.

இதைவிடப் பெரிய அபாயம் நம் பக்கத்தில் இருக்கிறது. நல்ல காரியம் எதைக் கண்டாலும் அதற்கு நமது கொடியைக் கட்டிவிட வேண்டும் என்று நமக்குத் தோன்றும். இங்கே அது கூடாது. 1840ல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்துச் சாராயக் கடையொன்றில் ஆறு குடிகாரர்கள் சேர்ந்து, குடிப்பதில்லை என்று உறுதி எடுத்து, வாஷிங்டோனியன் சங்கம் என்று ஒன்று ஆரம்பித்தார்கள். ஒருவர் கதையை ஒருவர் கேட்பது, மற்றவரைக் கைதூக்கி விடுவது என்று இதே வழிதான். காட்டுத் தீ போலப் பரவியது. லட்சக்கணக்கானவர் சேர்ந்தனர். பிறகு மதுவிலக்குச் சட்டம் வேண்டுமா, வேண்டாமா என்ற வாதமும், மற்ற அரசியல் வாதங்களும் உள்ளே புகுந்தன. குடிக்காதவர்கள் மேடையைப் பிடித்தார்கள். பத்து வருஷத்துக்குள் இயக்கம் இருந்த இடம் தெரியவில்லை. அந்த அனுபவத்தை ஏ.ஏ.காரர்கள் தெரிந்து வைத்திருக்கிறார்கள். 1950ல் அவர்கள் ஏற்றுக்கொண்ட பன்னிரண்டு மரபுகளில், வெளி விவகாரம் எதிலும் அபிப்பிராயம் சொல்வதில்லை என்பதும் ஒன்று. மதுவிலக்கு வேண்டும் என்று கூடச் சொல்ல மாட்டார்கள். நமக்கு அது ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அறையில் ஆளுங்கட்சிக்காரரும் எதிர்க்கட்சிக்காரரும், கங்காணியும் கூலியும், சாதி வேற்றுமை இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவது அந்த விதியால்தான். நாம் வாசல் வரை கொண்டுபோய் விட வேண்டும். விட்டுவிட்டு டீக்கடையில் காத்திருக்க வேண்டும். உள்ளே என்ன பேசினாய் என்று கேட்கக் கூடாது. அங்கே யாரைப் பார்த்தோம் என்று வெளியே சொல்லவே கூடாது. நமது கிளைக் கமிட்டியில் கூடப் பெயர் சொல்லி ரிப்போர்ட் வைக்கக் கூடாது.

சங்கம் செய்ய வேண்டிய வேலை வேறே இருக்கிறது. ஆஸ்பத்திரியில் இருக்கும் பத்துப் பதினைந்து நாளில் அவர் வேலை போகாமல் மேஸ்திரியிடம் பேசி வைப்பது. திரும்பி வந்ததும் முதல் மாதம் உயரமான சாரத்தில் ஏற்றாமல் தரைவேலை கொடுக்கச் சொல்வது. கான்கிரீட் போட்டு முடிந்ததும் குவார்ட்டர் வாங்கிக் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தி, அந்தப் பணத்தைக் கூலியோடு சேர்த்துக் கையில் கொடுக்கச் சொல்வது. இது போனஸ் கேட்பதைவிடக் கஷ்டமான பேரம். ஏனென்றால் நம் ஆட்களிலேயே பாதிப் பேர் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

தாய்மார்களுக்கு ஒன்று. அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டும் போகலாம். வில்ஸனின் மனைவி லோயிஸ் என்பவரும் மற்றச் சில பெண்களும் 1951ல் குடும்பத்தாருக்காக ஆல்-அனான் என்று தனிக் குழு ஆரம்பித்தார்கள். அவர் குடிப்பதற்கு நீங்கள் காரணமல்ல, உங்களால் அதைக் கட்டுப்படுத்தவும் முடியாது என்று அங்கே தெரிந்துகொள்வீர்கள். சம்பளத்தைப் பிடுங்குவது, பாட்டிலை ஒளிப்பது, அவர் சார்பில் பொய் சொல்லி லீவு வாங்குவது, இதிலேயே பதினைந்து வருஷம் போய்விட்ட பெண்கள் நமது சங்கத்தில் இருக்கிறார்கள். அடி உதை என்றால் அது வேறு விஷயம். கூட்டத்துக்குப் போகிறார் என்பதற்காக அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மாதர் சங்கத்திடம் வாருங்கள்.

நமது ஊரில் கூட்டமே இல்லையே என்கிறவர்களுக்கு: இரண்டு மூன்று குடிநோயாளிகள், குடிக்காமலிருக்க வேண்டும் என்று சேர்ந்து உட்கார்ந்தால் அதையே ஒரு குழு என்று ஏற்றுக்கொள்கிறார்கள். ஜில்லாத் தலைநகரத்துக் குழுவுக்குச் சொன்னால், பழைய உறுப்பினர்கள் பஸ் ஏறி வந்து முதல் கூட்டங்களை நடத்திக் கொடுப்பது வழக்கம். இடத்துக்கு ஏற்பாடு செய்வது நம்மால் முடியும். சங்க ஆபீசைக் கொடுக்கலாமா என்று தோழர்கள் கேட்டார்கள். கூடாது. சுவரில் படங்களும் கொடியும் இருக்கிற இடத்துக்கு மற்றக் கட்சிக்காரர் வர மாட்டார். பஞ்சாயத்து யூனியன் பள்ளிக்கூடத்தில் ஓர் அறை கேட்டுத் தலைமை ஆசிரியரிடம் பேசியிருக்கிறோம். வாரத்துக்கு ஒரு சாயங்காலம், ஒன்றரை மணி நேரம் தருவதாகச் சொல்கிறார். மின்விளக்கு ஒன்று எரியவில்லை. எலெக்ட்ரிக் வேலை தெரிந்த தோழர் ஒருவர் நாளை போய்ப் பார்க்க வேண்டும். அது வரையில், டவுனில் நடக்கும் கூட்டத்தின் கிழமை, நேரம், பஸ் நிறுத்தம், வாசல் ஆகியவற்றைச் சின்னச் சீட்டுகளில் எழுதி ஆபீஸ் மேஜையில் வைத்திருக்கிறோம். சங்கத்தின் பெயரோ முத்திரையோ அதில் இல்லை. எடுத்துப்போகிறவர் யாரிடமும் கேட்க வேண்டாம், கையெழுத்துப் போட வேண்டாம்.